படுத்ததும் மனசு ஓட ஆரம்பிக்கிறதே, என்ன செய்ய?

கேள்வி: எனக்கு வயது 41. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பகலில் சமாளித்துவிடுகிறேன். இரவு படுத்தால் போதும், அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், நாளைக்கு என்ன ஆகுமோ என்று ஓட ஆரம்பித்துவிடும். வீட்டில் ‘நல்லதையே நினை’ என்கிறார்கள். அப்படி முயன்றால் இன்னும் அதிகமாகிறது. மாத்திரை சாப்பிட வேண்டியிருக்குமா?

பதில்: மாத்திரைக்குக் கடைசியில் வருகிறேன். முயன்றால் அதிகமாகிறது என்கிறீர்களே, அது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1987-ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் சில மாணவர்களிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, மீறி நினைத்தால் மணியடிக்க வேண்டும் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ‘இப்போது நினைக்கலாம்’ என்றதும், முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகம் வந்தது. குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதை நமக்குத் தெரிந்ததுதானே. ஒரு நினைப்பு போய்விட்டதா என்று பார்க்க, மனசு அதையே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் விரட்டும் வேலையை இன்றோடு விட்டுவிடுங்கள். வீட்டார் சொல்வது அக்கறையில்தான், ஆனால் உங்களுக்கு உதவாது.

அதற்குப் பதிலாக, கவலைக்கு ஒரு நேரம் கொடுங்கள். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1980-களில் சோதித்துப் பார்த்த முறை இது: தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து கவலைப்படுவது. உங்களுக்குக் கால்மணி நேரத்தில் தொடங்கலாம். வேலை முடிந்து வந்து, டீ குடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் மட்டும் வேண்டாம். பகலில் ஏதாவது உறுத்தினால் இரண்டு வார்த்தை குறித்துவிட்டு, ‘சாயங்காலம் பார்க்கலாம்’ என்று வேலைக்குத் திரும்புங்கள். போனில் குறிக்காதீர்கள். குறிக்கப் போய் வாட்ஸ்அப்பில் நிற்பீர்கள்.

அந்தக் கால்மணி நேரத்தில் வெறுமனே யோசித்தால் பழைய சுழல்தான். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: நடந்தது, மனசு சொன்னது, நாளைக்குச் செய்யக்கூடியது. 1960-களில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சையின் எளிய வடிவம் இது. சம்பவத்துக்கும் வருத்தத்துக்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு எண்ணம் வந்துபோகிறது, அதை நாம் சோதிக்காமலே நம்பிவிடுகிறோம் என்று அவர் கவனித்தார்.

முதல் பத்திதான் கஷ்டம். ‘மேனேஜர் கடுப்பாகப் பேசினார்’ என்று எழுதுவீர்கள். ‘கடுப்பாக’ என்பதை அடித்துவிடுங்கள். அது உங்கள் கணிப்பு. கேமராவில் பதிவாகக்கூடியது எதுவோ அது மட்டும் அங்கே வரட்டும்: “‘இந்த பில்லை இன்னொரு தடவை பாருங்க’ என்றார்.” இரண்டாவது பத்தியில், ‘இனிமேல் என்னை நம்ப மாட்டார்.’ இப்போது கேட்டுப் பாருங்கள்: இது என்றைக்கு நடந்தது? 20-ம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு முந்தைய நாளா? அன்றைக்கு வேறு யாரிடமும் அப்படிச் சொல்லவில்லையா? கணக்குச் சரிபார்க்கும் உங்களுக்கு இந்த விசாரணை புதிதில்லை. நமக்குச் சாதகமாக எழுத வேண்டும் என்றும் இல்லை. தப்பு உங்களுடையதாகவே இருந்தால், மூன்றாவது பத்தியில் ‘காலையில் அந்த பில்லைத் திருத்திக் கொடுப்பது’ என்று வரும், அவ்வளவுதான். சில கவலைகளுக்கு மூன்றாவது பத்தி காலியாகவே இருக்கும். இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பக்கம் பக்கமாகப் புலம்பி எழுதாதீர்கள். அது அதே சுழலைப் பேனாவால் சுற்றுவது.

படுக்கும் முன் ஐந்து நிமிடம், மறுநாள் வேலைகளை மட்டும் பட்டியல் போடுங்கள். 2018-ல் பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் செலவில்லாதது. அப்படியும் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே இருக்காமல் எழுந்து வந்து, மங்கலான வெளிச்சத்தில் பூண்டு உரிப்பது மாதிரி சப்பென்ற வேலை எதையாவது செய்யுங்கள். கண் சொக்கும்போது திரும்பப் படுக்கலாம். மணி மட்டும் பார்க்காதீர்கள். சாயங்காலம் 5 மணிக்குக் குடித்த காபியின் காஃபின் 10 மணிக்கும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். அதையும் குறைத்துப் பாருங்கள்.

சரி, மாத்திரை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனசு சோர்ந்திருந்தால், பிடித்தது எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், பசியும் தூக்கமும் மாறினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்து வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி சோர்வைத் தரும், அந்தப் பரிசோதனைகளையும் கேளுங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் மனநல உதவி தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.