அந்தக் கையைத் தூக்கலாமா?

கேள்வி: மேடம், எனக்கு 52 வயது. இடது மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கீமோ, ரேடியேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு கட்டி இழுப்பது போல இருக்கிறது. கொடியில் துணி போட முடியவில்லை. "அசைக்காதே, வீங்கிடும்" என்கிறார் மாமியார். வீட்டிலேயே என்ன செய்யலாம்?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அசைக்காத தோள் இறுகிப்போகும், அதுவும் ரேடியேஷன் பட்ட இடம் சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்துக்கூட இறுகும். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்கினால் கை வீக்கம் அதிகமாவதில்லை என்று 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிவிட்டது.

கயிறு போல இழுப்பது அக்குள் ஆபரேஷனுக்குப் பிறகு நிறையப் பேருக்கு வருவதுதான், பயப்படாதீர்கள். முதலில் உங்கள் டாக்டரிடமோ, ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவிலோ ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம் சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெதுவாக மேலே ஏறுங்கள். இழுக்கிற இடத்தில் நிறுத்தி, மூச்சை அடக்காமல் நாலைந்து மூச்சு விட்டு, விரல்களாலேயே கீழே இறங்குங்கள். எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் போன வாரத்துக்கு இந்த வாரம் எவ்வளவு மேலே போயிருக்கிறீர்கள் என்று தெரியும். இழுப்பு இருக்கலாம், சுரீரென்ற வலி கூடாது. மல்லாந்து படுத்து மாப் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை மற்றக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகிற பயிற்சியும் நல்லது. காலையும் மாலையும் பத்து நிமிஷம் போதும். கொடியை இப்போதைக்குக் கொஞ்சம் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள், துணி போடுவதும் பயிற்சிதான்.

எடை என்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்குங்கள். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துத் தூக்குவது இப்போது வேண்டாம். வலிக்கிறதே என்று நம் வீடுகளில் உடனே கொதிக்கக் கொதிக்க ஒத்தடம் கொடுத்துவிடுவார்கள், அந்தப் பக்கம் மரத்திருந்தால் சூடே தெரியாமல் தோல் வெந்துவிடும், தயவுசெய்து வேண்டாம்.

அசதிக்கும் படுத்தே இருப்பதைவிட நடைதான் கைகொடுக்கும். சாயங்காலம் சில்வர் பீச் பக்கம் பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து, போகப் போக வாரத்துக்கு 150 நிமிஷம் வரை கூட்டுங்கள், கால் புதையும் மணலில் வேண்டாம், ரோட்டிலேயே நடங்கள்.

இடது கை வளையலோ ரவிக்கைக் கையோ வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால், கை கனத்தால், அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். கை சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போய்விட வேண்டும்.