உள் கிளாஸுக்குள் 'திஸ்' யாரைக் குறிக்கிறது?

கேள்வி: ஜாவாவில் ஆண்ட்ராய்டு ஆப் எழுதப் பழகுகிறேன். பட்டனை அழுத்தினால் டோஸ்ட், அதாவது திரையில் சில நொடி தோன்றி மறையும் சிறு செய்தி, வர வேண்டும். திரை உருவாகும்போது ஓடும் ஆன்கிரியேட்டில் 'திஸ்' (this) கொடுத்தால் வருகிறது. அதே வரியை, பட்டனை அழுத்தும்போது ஓடும் ஆன்கிளிக்கில் போட்டால் கம்பைலரே எர்ரர் காட்டுகிறது. ஏன்?

பதில்: ஆன்கிளிக் உங்கள் மெயின்ஆக்டிவிட்டியின் (ஆப்பின் திரைக்கான கிளாஸ்) மெத்தட் அல்ல. 'நியூ ஆன்கிளிக்லிசனர்' என்று எழுதி அடைப்பைத் திறந்த இடத்திலேயே பெயரில்லாத ஒரு உள் கிளாஸ், அதாவது கிளாஸுக்குள் ஒரு கிளாஸ், உருவாகிவிட்டது. அதற்குள் 'திஸ்' என்றால் அந்த லிசனர்தான். டோஸ்ட் கேட்பதோ கான்டெக்ஸ்ட்; ஆக்டிவிட்டி ஒரு கான்டெக்ஸ்ட், லிசனர் அப்படியல்ல. 'மெயின்ஆக்டிவிட்டி.திஸ்' என்று எழுதுங்கள், சரியாகிவிடும். 1997-இல் ஜாவா 1.1-இல் உள் கிளாஸ்கள் வந்தபோதே வந்த வழி இது. லிசனரை லாம்டாவாக (கிளாஸ் எழுதாமல் '->' போட்டு எழுதும் சுருக்க வடிவம்) மாற்றினாலும் ஓடும். லாம்டாவுக்கென்று தனி 'திஸ்' கிடையாது.

'திஸ்' இல்லாமல் வெறும் பெயரை எழுதும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். கம்பைலர் அந்தப் பெயரை முதலில் உள் கிளாஸில் தேடும், அங்கே இல்லாவிட்டால்தான் வெளியே பார்க்கும். ஆக்டிவிட்டியில் 'எண்ணிக்கை' 7 என்று இருக்கிறது, லிசனரிலும் அதே பெயரில் ஒரு மாறி 0 என்று இருக்கிறது என்றால், திரையில் 0 வரும். எர்ரர் எதுவும் வராது என்பதால் கண்டுபிடிக்கவே நேரமாகும். 'மெயின்ஆக்டிவிட்டி.திஸ்.எண்ணிக்கை' என்றால் 7 கிடைக்கும்.

வெளி ஆப்ஜெக்ட்டை உள் கிளாஸ் எப்படி அறிகிறது? 'திஸ்$0' என்றொரு ஃபீல்டைக் கம்பைலர் நமக்குத் தெரியாமல் சேர்த்து, அதில் வெளி ஆப்ஜெக்ட்டின் ரெஃபரன்ஸை வைக்கிறது. மெமரி லீக்கும் (தேவையில்லாத ஆப்ஜெக்ட் நினைவகத்திலிருந்து நீங்காமல் தங்கிவிடுவது) இதே வழியாகத்தான் வருகிறது. 5 நிமிடம் கழித்து ஓடும்படி ஆக்டிவிட்டிக்குள்ளேயே ஒரு ரன்னபிள் (பிறகு ஓட்ட வேண்டிய வேலை) எழுதி, அதை வரிசையில் வைக்கும் ஹேண்ட்லரிடம் கொடுத்திருக்கிறீர்கள். பயனர் போனைத் திருப்புகிறார். பழைய ஆக்டிவிட்டியை மூடிவிட்டு ஆண்ட்ராய்டு புதியதைத் திறக்கிறது. ஆனால் வரிசையில் காத்திருக்கும் ரன்னபிள் பழையதை இன்னும் பிடித்திருக்கிறது. அந்த 5 நிமிடமும் பழைய திரையின் படங்கள், பட்டன்கள் எதையும், தேவையற்ற ஆப்ஜெக்ட்களை அகற்றும் கார்பேஜ் கலெக்டரால் எடுக்க முடியாது.

ஆக்டிவிட்டி மூடப்படும்போது ஓடும் ஆன்டெஸ்ட்ராயில், காத்திருக்கும் ரன்னபிளை நீக்கும் 'ரிமூவ்கால்பேக்ஸ்' கூப்பிட மறக்காதீர்கள். உள் கிளாஸ் வெளி ஆப்ஜெக்ட்டைத் தொடவே இல்லையென்றால், யோசிக்காமல் 'ஸ்டாட்டிக்' போடுங்கள். அந்தப் பிடியே இருக்காது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதப் பயன்படும் இன்னொரு மொழியான கோட்லின் இதைத்தான் இயல்பாக வைத்திருக்கிறது: கிளாஸுக்குள் எழுதும் கிளாஸுக்கு வெளி ஆப்ஜெக்ட் வேண்டுமென்றால் 'இன்னர்' என்று நாமே கேட்க வேண்டும். அங்கே எழுதும் முறை, 'திஸ்@மெயின்ஆக்டிவிட்டி'.