தரையில் உட்கார்ந்து அறையைப் பாருங்கள்

மழலைக் கல்வி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்றரை வயது மகனுக்குப் பெரிய கூடை நிறையப் பொம்மைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தரையில் கொட்டுகிறான். எதிலும் இரண்டு நிமிஷம்கூட நிலைக்காமல் என்னிடம் ஓடி வந்துவிடுகிறான். கவனக் குறைவாக இருக்குமோ?

பதில்: பையனைச் சந்தேகப்படும் முன் கூடையைச் சந்தேகப்படுங்கள். ஆழமான கூடையின் அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒன்றை எடுக்க எல்லாவற்றையும் கவிழ்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. கவிழ்த்ததும் பார்த்தால் வண்டி இருக்கும், சக்கரம் இருக்காது. பசில் இருக்கும், இரண்டு துண்டு காணாமல் போயிருக்கும். எதைத் தொட்டாலும் பாதியில் நின்றுவிடுகிறது.

கூடைக்குப் பதில் 60 – 70 செ.மீ. உயரத்துக்கு மிகாத திறந்த அலமாரி ஒன்றை வையுங்கள். அதில் ஆறு முதல் எட்டுப் பொருள்கள் போதும்: கட்டுவதற்கு ஒன்று, பாசாங்கு விளையாட்டுக்கு ஒன்று, பொருத்திப் பார்க்க ஒன்று, வரைய ஒன்று, அட்டை முன்பக்கமாகத் தெரியும்படி இரண்டு மூன்று புத்தகங்கள். ஒவ்வொன்றும் தனித் தட்டில், அதற்கு வேண்டிய அத்தனையும் சேர்த்து இருக்கட்டும். வரைபொருள் தட்டில் தாள் இல்லையென்றால் அந்தத் தட்டால் பயனில்லை. கட்டைகளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பத்துக் கட்டையில் ஒரு கோபுரம்தான் எழும்பும். நாற்பது இருந்தால் வீடு, சாலை, பாலம் என்று விளையாட்டு நீளும். பொருள் இருக்கவேண்டிய இடத்தில் அதன் படத்தை ஒட்டிவிட்டால், எடுத்ததைத் திருப்பி வைக்க அவனாலேயே முடியும்.

மீதியைப் பெட்டியில் போட்டு மூடி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்றை மட்டும் மாற்றுங்கள். அவனுக்கு அப்போதுதான் பிடிபடத் தொடங்கியிருக்கும் பொருளை எடுத்துவிடாதீர்கள். அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்குவது கட்டாயம்; பிள்ளைகள் அதை ஏணியாக்குவார்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையும் இருந்தால், டிஷ்யூ ரோலின் நடுக்குழாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் அலமாரியில் இருக்கக் கூடாது. பட்டன் பேட்டரி, சிறு காந்தம் இரண்டும் எந்த வயதுப் பிள்ளையின் கைக்கும் எட்டக் கூடாது.

இன்னொன்று, டிவி. ‘அவன் பார்ப்பதில்லை, சும்மா ஓடுகிறது’ என்று நினைக்காதீர்கள். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பெரியவர்களுக்கான நிகழ்ச்சி பின்னணியில் ஓடியபோது குழந்தைகள் அதை அவ்வப்போது சில நொடிதான் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் விளையாட்டு துண்டு துண்டானது.

கேள்வி: மழலையர் பள்ளி ஆசிரியை நான். நான்கு சுவரிலும் அட்டைப் படங்கள் ஒட்டியிருக்கிறோம். சுவர் வெறுமையாக இருந்தால் பெற்றோர் குறை சொல்கிறார்கள். எவ்வளவு ஒட்டலாம்?

பதில்: பெற்றோர் கண்ணுக்கு அது விருந்துதான். ஆனால் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதையொட்டிய பிள்ளைகள் அலங்காரம் நிறைந்த வகுப்பில் அதிகம் கவனம் சிதறினார்கள்; வெறுஞ்சுவர் வகுப்பில் இருந்ததைவிடக் குறைவாகவே கற்றார்கள். அதற்காக எல்லாவற்றையும் கிழித்தெறிய வேண்டாம். நீங்கள் கதை சொல்லும்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் காலியாக விடுங்கள். முதலில் இதைச் செய்தாலே வித்தியாசம் தெரியும். மற்றச் சுவர்களில் ஒட்டுவதைத் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தை ஒட்டி வையுங்கள்; மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் கண்மட்டம் அதுதான். கடையில் வாங்கிய படத்தைவிடப் பிள்ளை வரைந்த கிறுக்கல் மேல். அதன் கீழே அவள் சொன்னதை அப்படியே எழுதுங்கள்: ‘இது மழை. இது நான். நனையல.’ தான் பேசியதுதான் எழுத்தாகிறது என்று அவளுக்குப் புரிய அந்த ஒரு வரி போதும். குறை சொல்ல வந்த பெற்றோரும் அதைத்தான் நின்று படிப்பார்கள்.

கேள்வி: நான்கு வயது மகள் பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கிறாள். சில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுகிறாள். தினமும் ஒரு பக்கம் எழுத வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. நான்கு வயதில் அவற்றில் ஏறத்தாழப் பாதிதான் எலும்பாக இறுகியிருக்கும். மீதி இன்னும் குருத்தெலும்பு. இந்தக் கையை ஒரு பக்கம் எழுதச் சொன்னால் வலிக்கும், எழுத்தின் மேலேயே வெறுப்பு வரும்.

கிரேயானை 2 – 3 செ.மீ. துண்டுகளாக ஒடித்துக் கொடுங்கள். அவ்வளவு சிறியதை முஷ்டிக்குள் வைத்து வரைய முடியாது. மூன்று விரல்களின் நுனிகள் தாமாகவே கூடி அதைப் பிடிக்கும். நின்றுகொண்டு வரையும்படி சுவரில் பெரிய தாளை ஒட்டுங்கள். மணிக்கட்டும் தோளும் பலப்படும். மாவு பிசைவது, துணி கிளிப்பை அழுத்தி மாட்டுவது, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் தாளை வெட்டுவது எல்லாம் எழுத்துக்கான தயாரிப்புதான். உட்காரும்போது பாதம் தரையில் முழுதாகப் பதியவேண்டும். இந்த வயதுக்கு நாற்காலி 26 – 28 செ.மீ., மேஜை 46 – 50 செ.மீ. உயரம் சரியாக இருக்கும். பெரிய நாற்காலிதான் உண்டென்றால் காலடியில் பெட்டி வையுங்கள். கால் தொங்கினால் உடம்பு ஆடும், கையும் ஆடும்.

திருப்பி எழுதுவது ஆறேழு வயதுவரை சகஜம். சிவப்பு மையால் அடிக்காதீர்கள். இடக்கைப் பழக்கம் இருந்தால் மாற்ற முயலவே கூடாது.

கேள்வி: ‘அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும்’ என்று முன்கூட்டியே சொன்னாலும் மகன் அழத்தான் செய்கிறான். ஏன்?

பதில்: ஐந்து நிமிஷம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. ‘இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாம்’ என்றால் தெரியும். வீட்டுக்குள் மணல் கடிகாரம் உதவும். சொன்னபடி நீங்களும் எழுந்துவிடவேண்டும். கைபேசியைப் பார்த்து இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்தால், மறுநாள் உங்கள் பேச்சு எடுபடாது.

கேள்வி: விளையாடும்போது கேள்வி கேட்டால் மகன் வாயே திறப்பதில்லை.

பதில்: ‘இது என்ன கலர்?’ என்று, உங்களுக்கே விடை தெரிந்த கேள்வியாகக் கேட்கிறீர்களா? அது அவனுக்குப் பரீட்சை. பக்கத்தில் உட்கார்ந்து, நடப்பதைச் சொல்லுங்கள்: ‘பாலத்து மேல பஸ் போகுது... கீழே யாரு போகப் போறாங்க?’ பிறகு பேசாமல் இருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. அவர் பார்த்தது பள்ளி மாணவர்களை. உங்கள் மகனுக்கு மனசுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பதில் வாயால் வராமல், பாலத்துக்கு அடியில் ஒரு பொம்மையை அவன் நகர்த்துவதாகவும் இருக்கலாம். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மேலே பேசுங்கள்.