நடைக்கு ஒரு சர்டிபிகேட்

அன்புள்ள மேடம்,

என் மகனுக்கு 14 வயது. நன்றாகப் படிப்பான், கோலம்கூடப் போடுவான். பள்ளியில் நாலைந்து பையன்கள் அவனைப் ‘பொட்டை’, ‘ஒன்பது’ என்று கூப்பிடுகிறார்கள். நடந்தால் விசில். டிபன் பாக்ஸை டாய்லெட்டில் போட்டிருக்கிறார்கள். மூன்று முறை பள்ளிக்குப் போனேன். கிளாஸ் டீச்சர், ‘பசங்க விளையாட்டுதானே’ என்கிறார். பி.டி. சார், ‘ஆம்பளப் புள்ளையா நடக்கச் சொல்லுங்கம்மா’ என்கிறார். ஹெச்.எம். டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். தப்பு செய்தது அவர்கள், டி.சி. என் பிள்ளைக்கா? பீஸ் ஒருநாள்கூடத் தாமதமாகக் கட்டியதில்லை. எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால், ‘எட்டு முடிச்சிட்டேன்’ என்கிறான். ஒன்பது என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை என்று சர்டிபிகேட் வாங்க அடுத்த வாரம் மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், அது ஒரு பக்கம். மூன்று முறை போனேன் மேடம். இந்தப் பள்ளியை என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளி செய்வது அநியாயம். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் ‘அது ஒரு பக்கம்’ என்று தாண்டிப் போனீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்படியொரு சர்டிபிகேட் கிடையாது. தன்பாலீர்ப்பு நோயில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று எந்த டாக்டராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்; தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்திருக்கிறது. அதற்கு வழிவிட்டது சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பு. அதை எழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டார். மதுரைக்கு யார் போக வேண்டும் என்று யோசியுங்கள்.

உங்கள் மகன் பெரியவனாகி யாரை விரும்புவான் என்பது எனக்குத் தெரியாது. நடையையும் கோலத்தையும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையன்கள் தினமும் கேட்கும் அதே கேள்வியைத்தான் நீங்களும் பஸ் ஏறிப் போய்க் கேட்கப் போகிறீர்கள், கொஞ்சம் மரியாதையாக. ‘என் பையன் அப்படியில்லை, அதனால் விட்டுவிடுங்கள்’ என்றால், அப்படி இருக்கிற பையனைச் சீண்டலாமா? அந்த வகுப்பிலேயே அப்படி ஒருவன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். அது உங்கள் மகனாகவே இருந்தால், அம்மாவும் அவர்கள் கட்சி என்றல்லவா நினைப்பான்?

சரி, பள்ளிக்கு வருவோம். நாலாவது முறை வாய்வார்த்தை வேண்டாம். தேதி போட்டு நடந்ததை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மகனின் நடையைப் பற்றி அதில் ஒரு வரியும் வரக்கூடாது. அசையவில்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கிறார், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பிள்ளை சாப்பாடு, தூக்கம் குறைந்து தவித்தால் ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள், அந்த வேதனைக்காக.

முதலில் மதுரை டாக்டருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். அவன் வீட்டில் இருக்கும்போது, அவன் காதில் விழும்படி.