தொட்டியும் குட்டிகளும்: வாசகர் கேள்வி-பதில்

கப்பி, மாலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களை வாங்கியவர்கள் எழுதிய கடிதங்கள் இம்முறை சேர்ந்தாற்போல் வந்துள்ளன. சுருக்கி வெளியிடுகிறேன்.

கேள்வி: பெண் கப்பிகள் நான்கை மட்டும் வாங்கி விட்டிருந்தேன். ஆண் மீனே இல்லாத தொட்டியில் இரண்டு மாதத்தில் இரண்டு முறை குட்டிகள் பிறந்துள்ளன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகி, தாம்பரம்)

பதில்: இல்லை. ஒருமுறை ஆணுடன் சேர்ந்த பெண் கப்பி, விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்து, ஏறத்தாழ மாதம் ஓர் ஈற்று என்ற கணக்கில் குட்டி போடும்.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்காக நான்கு லிட்டர் கண்ணாடிக் குடுவையும் ஆறு கப்பிகளும் ஒரே நாளில் வாங்கினேன். "இன்றே விடலாம், ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர். ஐந்து நாளில் நான்கு இறந்துவிட்டன. பில் கேட்டால், மீனுக்குப் பில் கிடையாது என்கிறார். (வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் மீது தவறில்லை, தவறு அப்படிச் சொல்லி விற்றவருடையது. குடுவையையும் மீனையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும் இந்த வியாபாரத்தை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் கண்டித்து எழுதி வருகிறேன். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள், வடிகட்டியின் ஸ்பாஞ்சில் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வடிகட்டியே இல்லாத நான்கு லிட்டர் தண்ணீரில் ஆறு மீன்களை விட்டால் அமோனியா ஏறிக்கொண்டே போகும். என் மகளுக்காக நானும் ஒரு முறை இப்படி வாங்கினேன். மூன்றாம் நாள் காலையில் மீன்கள் அனைத்தும் நீர்மட்டத்தில் வாயை வைத்து மூச்சுக்குத் தவித்துக் கொண்டிருந்தன. செவுள் ஓரங்கள் சிவந்திருந்தன. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்ததால், அதுதான் அவற்றைக் கொல்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலையை நான் இன்னும் மறக்கவில்லை.

மிஞ்சிய இரண்டையும் குறைந்தது 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள, சுமார் 56 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு மாற்றுங்கள். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் வடிகட்டியில் வைத்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள்.

பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பணம் செலுத்திய கைப்பேசிப் பதிவையும் குடுவையின் படத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளியுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணம் இல்லை.

கேள்வி: வயிறு பெருத்த மாலியைச் சினை மீன் என்று கூறி இரட்டை விலைக்கு விற்றார்கள். மூன்று மாதமாகியும் வயிறு அப்படியே இருக்கிறது. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அது பலூன் மாலியாகத்தான் இருக்க வேண்டும். முதுகெலும்பு வளைந்து உடல் குறுகும்படி வளர்த்தெடுத்த வகை என்பதால், அதன் வடிவமே அதுதான். சினை என்று சொல்லிக் கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: பிறந்த குட்டிகளைத் தாயே தின்றுவிடுகிறது. பிரசவப் பெட்டி வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். கையகலப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, அதில் ஒரு பிளாட்டியை மூன்று நாள் அடைத்து வைத்து, அதை இழந்தவன் நான். அந்தப் பணத்துக்கு ஜாவா பாசியும் மிதக்கும் செடிகளும் வாங்கித் தொட்டியின் ஒரு மூலையை அடர்த்தியாக நிரப்புங்கள். குட்டி சுருண்டபடி வெளிவந்து, சற்றுக் கீழே இறங்கி, உடலை நிமிர்த்தியதும் நேராகச் செடிக்குள் ஓடிவிடும். எல்லாம் பிழைக்காது, ஆனால் தேவையான அளவு பிழைக்கும். அன்றன்று முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சுகளையோ நன்கு பொடித்த தீவனத்தையோ நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிதளவு கொடுங்கள். முட்டை மஞ்சள் கரு தண்ணீரைக் கெடுத்துவிடும்.

கேள்வி: இணையத்தில் படம் பார்த்து வாங்கிய பத்து மாலிகளை வந்த அன்றே பழைய தொட்டியில் விட்டேன். ஒரே வாரத்தில் எல்லா மீன்களுக்கும் வெண்புள்ளி நோய்; பழைய மீன்கள் இறந்துவிட்டன. பழைய மீன்களுக்கும் சேர்த்து நட்டஈடு கிடைக்குமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பொட்டலம் பிரித்தபோது காணொளி எடுக்கவில்லை, தனித் தொட்டியில் வைக்கவில்லை, விற்பனை நிபந்தனைகளையும் படிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் நோய் எங்கிருந்து வந்தது என்று எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? புதிய மீன்களை இரண்டு முதல் நான்கு வாரங்கள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எத்தனை முறை எழுதுவது? இறந்தவை உங்கள் பழைய மீன்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: குட்டிகள் பெருகிவிட்டன. பக்கத்து ஏரியில் விடலாமா? (வாசகி, செங்கல்பட்டு)

பதில்: கூடாது. அங்குள்ள நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் அவை பிடித்துக்கொள்ளும். சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தை போன்ற இடத்தில் வாங்கிக்கொள்ளும் கடை உண்டா என்று விசாரியுங்கள். மேலும் பெருகாமல் இருக்க, நான்கு வார வயது முதல் குட்டிகளின் அடித்துடுப்பைக் கவனித்து, அது கூராகத் தொடங்கும் ஆண்களை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.