மீட்டர் பழுதில்லை, நேரம்தான் வேறு
போரூர் ஏரிக்கரையில் ஒரே இடத்தில் எடுத்தும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் ஒருநாள் லிட்டருக்கு 3 மில்லிகிராம், இன்னொருநாள் 11 காட்டுகிறது, மீட்டரை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் அட்டவணையில் நேரத்தைப் பாருங்கள்: 3 வந்தது காலை ஆறரைக்கு, 11 வந்தது பிற்பகல் மூன்றுக்கு. பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளிவிடுகிறது. இரவு முழுக்க அதே பாசியும் பாக்டீரியாவும் அதைத் தீர்த்துவிடுகின்றன. 30 டிகிரி நீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்பது லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான். 11 என்றால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், பாசி மிஞ்சிவிட்டது. அந்நேரம் பி.எச். (அமில-கார அளவு) அளந்திருந்தால் அதுவும் ஏறியிருக்கும்.

வருடக்கணக்கில் ஒப்பிட வேண்டுமானால் நேரத்தையும் ஆழத்தையும் மாற்றாதீர்கள். முடிந்தால் விடியலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. காற்றின் திசையையும் குறித்துவையுங்கள். பாசிப் படலம் காற்று தள்ளும் கரையில்தான் போய் ஒதுங்கும். கழிவுநீர் வாய்க்கால் சேரும் இடத்துக்குத் தனி அட்டவணை.

அப்புறம், செக்கி தட்டு, அதாவது எவ்வளவு ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்து நீரின் தெளிவை அளக்கும் வட்டத் தட்டு, கரையோரத்தில் மறையும் முன்பே தரைதட்டிவிடும். அங்கே கலங்கல் மீட்டர்தான் சரி. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1968 முதல் தட்டை இறக்குவது ஆழமான நீரில்; கரைப் பாறைகளில் படரும் பாசியைத் தனியாகத்தான் அளக்கிறார்கள்.