பில்லும் டேப்பும்: மவுண்டன் பைக் டியூப்லெஸ் டயர் குறித்த கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மவுண்டன் பைக் சக்கரங்களை டியூப்லெஸ்ஸாக, அதாவது உள்ளே டியூப் இல்லாமல் டயரிலேயே காற்றை நிறுத்தும்படி, மாற்றுவது பற்றியவை. அவற்றைச் சுருக்கி வெளியிடுகிறேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் வாரம் ஒரு பங்சர் ஆகிறது. டியூப்லெஸ் போட்டால் பங்சரே வராது என்கிறார்களே? (தண்டையார்பேட்டை வாசகர்)

பங்சர் ஆகும், ஆனால் பெரும்பாலான நாட்களில் அது உங்களுக்குத் தெரியாமலே அடைபட்டுவிடும். கன்டெய்னர் லாரிகள் ஓடும் அந்தச் சாலையில் கிடக்கும் மெல்லிய கம்பித் துண்டும், ஓரத்துச் சீமைக் கருவேல முள்ளும் போடுகிற சிறு துளைகளை, டயருக்கு உள்ளே ஊற்றி வைக்கும் சீலன்ட் என்ற திரவம் அடைத்துவிடுகிறது. கண்ணாடி கிழித்த நீளமான வெட்டையும், டயரின் பக்கச் சுவரில் விழுந்த கிழிசலையும் அது அடைக்காது. ஆகவே பையில் ஒரு மாற்று டியூபும் சிறிய பம்பும் எப்போதும் இருக்கட்டும். டியூப் இல்லாததால், பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் தரைக்கும் இடையே டியூப் நசுங்கி இரட்டைத் துளை விழும் தொல்லையும் இல்லை. அதனால்தான் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்ட முடிகிறது.

26 அங்குலப் பழைய சைக்கிள். ஒற்றைச் சுவர் ரிம். ஸ்போக்கின் தலைகள் உள்ளே துருத்திக்கொண்டிருக்கின்றன. மாற்றலாமா? (ராயபுரம் வாசகர்)

வேண்டாம்.

பெரம்பூரில் ஒரு கடையில் 3,800 ரூபாய் கொடுத்து இரண்டு சக்கரங்களையும் டியூப்லெஸ்ஸாக மாற்றினேன். தினமும் காலையில் இரண்டும் காற்றில்லாமல் கிடக்கின்றன. வால்வு ஓரத்திலும் ஸ்போக் துளைகளிலும் வெள்ளைத் திரவம் கசிகிறது. ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். ரிம்முக்குள் ஒட்டிய டேப்பைப் பிரித்துப் பார்த்தபோது கறுப்பு இன்சுலேஷன் டேப் தெரிந்தது. பில்லும் தரவில்லை. (பெரம்பூர் வாசகர்)

உங்கள் மீது ஒரு குற்றமும் இல்லை, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். ஓட்ட ஓட்ட இது சரியாகாது. ஸ்போக் துளையில் திரவம் வருகிறது என்றால் காற்று டயரில் கசியவில்லை, ரிம்முக்கு உள்ளே இறங்குகிறது என்று பொருள். டியூப்லெஸ் வேலையில் மிகவும் மலிவான பொருள், ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப்தான். மிக அதிகமான சக்கரங்கள் கெடுவதும் அதனால்தான். பல ஆண்டுகளாக எனக்கு இருக்கும் ஆற்றாமை இது: விலை உயர்ந்த டயரையும் சீலன்ட்டையும் வாங்க வைக்கும் கடைகள், அந்த ஒரு சுருள் டேப்பில் மட்டும் சிக்கனம் பிடித்து, மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை ஒட்டி அனுப்புகின்றன. அந்த டேப் காற்றழுத்தத்தில் ஸ்போக் துளைக்குள் நெளிந்து இறங்கும். வெயிலில் அதன் பசை இளகி நகர்ந்துவிடும்.

முறையான வேலை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன், அடுத்த கடையில் பக்கத்தில் நின்று பாருங்கள். டியூப்லெஸ்ஸுக்கென்றே செய்த டேப், ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக இருந்து, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை முழுவதும் மூட வேண்டும். ஒட்டுவதற்கு முன் பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ரிம்மை உலர விட வேண்டும். வால்வு துளைக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கி, நன்றாக இழுத்துப் பிடித்துச் சுற்றி, வால்வு துளையைத் தாண்டி ஒரு சாண் அளவுக்கு மேல்படியும்படி முடிக்க வேண்டும். அதன் பிறகு ஒரு டியூபை உள்ளே போட்டுக் காற்றடித்து ஓர் இரவு வைத்தால் டேப் ரிம்மோடு அழுந்தி ஒட்டிக்கொள்ளும். வால்வுக்கான துளையைச் சூடாக்கிய மெல்லிய கம்பியால் போட்டால் ஓரம் கிழியாது. வால்வின் நட்டைக் கையால் இறுக்கினால் போதும். குறடு போட்டால் வழியில் பங்சர் ஆகும்போது கழற்ற முடியாமல் தவிப்பீர்கள்.

இனி உங்கள் பணம். பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிக்காத நிலையில், குறையுள்ள பொருளை அல்லது சேவையை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படித்தான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் எழுதி வைத்தாலும் அதற்கு மதிப்பில்லை. கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவு, டேப்பின் படம், கசிவின் காணொளி மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தரலாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை.

இணையத்தில் பாதி விலைக்கு 'டியூப்லெஸ் ரெடி' டயர் வாங்கினேன். பரண்மேல் இரண்டு மாதம் வைத்துவிட்டு இப்போது பிரித்தால் டயரில் அப்படி எதுவும் எழுதவில்லை. திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது. (வியாசர்பாடி வாசகர்)

வாங்கிய அன்றே பிரித்துப் பார்க்காமல் இரண்டு மாதம் பரணில் போட்டது உங்கள் தவறு. அதை நான் மென்மையாகச் சொல்லப் போவதில்லை. ஆனாலும் இல்லாத தன்மையை இருப்பதாகச் சொல்லி விற்றது அதைவிடப் பெரிய தவறு. தளம் வைத்த கெடு முடிந்தாலும் சட்டம் தரும் கெடு முடியவில்லை. ஆணையத்தில் மனு செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். விற்பனைப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், நாளைக்கு அது மாறியிருக்கலாம்.

நானும் ஒருமுறை டயரின் பக்கவாட்டு எழுத்தைப் படிக்காமல், அளவு மட்டும் பொருந்துகிறது என்று சாதாரண டயரை வாங்கி, டியூப் இல்லாமல் பொருத்தினேன். பக்கச் சுவர் முழுவதும் வியர்வைபோல் சீலன்ட் துளிர்த்தது. மூன்று புட்டி ஊற்றியும் நிற்கவில்லை. அளவையும் இரண்டு முறை பாருங்கள்: 29 அங்குலத்துக்கு 622, 27.5 அங்குலத்துக்கு 584, 26 அங்குலத்துக்கு 559 என்ற எண் டயரில் இருக்கும்.

டயர் ரிம்மில் உட்காரவில்லை என்று பெட்ரோல் பங்கில் 80 பி.எஸ்.ஐ. வரை அடித்தேன். வெடித்தாற்போல் கழன்று வந்துவிட்டது. டயர் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாமா? (மணலி வாசகர்)

கேட்க முடியாது. உச்ச அழுத்தம் எவ்வளவு என்று டயரிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மவுண்டன் பைக் டயருக்கு 80 என்பது பெரும்பாலும் அதைத் தாண்டிய அளவு. முகத்துக்கு அருகில் கழன்றிருந்தால் கண் போயிருக்கும். டயருக்கும் ரிம்முக்கும் குறித்த உச்ச அளவுகளில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது. டயரின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்பகுதியைக் கழற்றிவிட்டு, காற்றை ஒரே வேகத்தில் விடுங்கள். அழுத்தத்தைவிட வேகம்தான் டயரை உட்கார வைக்கிறது. பங்கின் குழாய் மெல்லிய சைக்கிள் வால்வில் பொருந்த ஒரு சிறிய அடாப்டரும் வேண்டும்.

சீலன்ட் எத்தனை நாள் தாங்கும்? மோட்டார் பைக்குக்கு ஊற்றும் பங்சர் ஜெல் மலிவாக இருக்கிறதே? (திருவொற்றியூர் வாசகர்)

நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றுங்கள். 29 அங்குல டயருக்குச் சுமார் 100 மில்லி தேவை. ஊற்றும் முன் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். மோட்டார் சைக்கிள் ஜெல் வேண்டாம். லேடெக்ஸ் சீலன்ட்தான் சைக்கிள் டயரின் மெல்லிய சுவரில் உள்ள நுண்துளைகளில் படிந்து உறைகிறது. புட்டியில் தயாரித்த மாதம், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, அதிகபட்ச விலை மூன்றும் இருக்க வேண்டும் என்பது விதி. இவை இல்லாத ஒரு புட்டியை நான் வாங்கி வந்து திறந்தபோது உள்ளே ரப்பர் கட்டியும் தண்ணீரும்தான் இருந்தன.

என் மகள் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் ஓட்டுகிறாள். டியூப்லெஸ் போட்டே ஆக வேண்டும் என்று கடையில் வற்புறுத்துகிறார்கள். (கொளத்தூர் வாசகி)

தேவையில்லை, அம்மா. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீலன்ட் ஊற்றும் வேலை உங்கள் தலையில்தான் விழும். சரியான அளவில் நல்ல டியூப் இரண்டும், அழுத்தமானி வைத்த தரைப் பம்பு ஒன்றும் வாங்குங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள்.